சுண்டுவின் இரண்டு நோட்டுகள்

எல்லாப் பிள்ளைகளும் இங்கே சமம் என்று எங்கள் பள்ளி வாசலில் பெரிய பலகை இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டும்.

நான் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியை. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் கால் உடைந்த நாற்காலிகளும் கிடக்கும் அறைதான் எனக்குக் கொடுத்த வகுப்பு. தினமும் ஒரு மணி நேரம் சுண்டு அங்கே வருவாள். வயது எட்டு. வீட்டில் தமிழ், இங்கே எல்லாம் ஆங்கிலம். எந்த மொழியானாலும் எழுத்துகள் அவளுக்கு இடம் மாறும். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவி, ஆறு மாதத்தில் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதக் கற்றிருந்தாள். அந்த ஒரு மணி நேரமும் போனால், கடைசி பெஞ்சில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பள்ளியைச் சோதனையிடக் கல்வி அதிகாரி வருகிறார் என்றதும் தலைமை ஆசிரியைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உதவி ஆசிரியையை உட்காரவைத்து சுண்டு பெயரில் புது நோட்டு ஒன்றை எழுதவைத்தார். பக்கம் பக்கமாக, முத்து முத்தாக.

“ஒரு நாள் கூத்துதானே? நீங்க திருத்தின மாதிரி கையெழுத்துப் போட்டுடுங்க.”

போட்டேன்.

அதிகாரி நோட்டைப் புரட்டினார். “இவ்வளவு நல்லா எழுதற பொண்ணுக்குத் தனி வகுப்பு எதுக்கு? நிறுத்திடலாம்,” என்று தாளில் குறித்தார். தலைமை ஆசிரியை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். வரவழைத்திருந்த சுண்டுவின் அம்மா, தையல்காரி, கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எம் பொண்ணா மிஸ் இப்படி எழுதியிருக்கா?”

தலைமை ஆசிரியை மேல் வந்த அருவருப்பு அப்போது என் மேலேயே திரும்பியது.

“நான் எழுதல,” என்றாள் அம்மாவின் பக்கத்தில் நின்ற சுண்டு.

“கூச்சப்படறா சார்,” என்று தலைமை ஆசிரியை குழைந்தார்.

சுண்டு பையைக் கவிழ்த்து, மூலை மடங்கிய பழைய நோட்டை எடுத்து நீட்டினாள். “இதுதான் என்னோடது. மூணு வரி. நானே எழுதினேன்.”

அதிகாரி இரண்டையும் அருகருகே வைத்தார். “எது நிஜம் டீச்சர்?”

தலைமை ஆசிரியையின் செருப்பு என் காலை அழுத்தியது.

“கோணலா இருக்கறது சார்.”

அவர் தாளில் குறித்ததை அடித்தார். பிறகு புது நோட்டில் சிவப்பு மையின் மேல் விரலை வைத்தார். “அப்போ இந்தக் கையெழுத்து யாரோடது?”

“என்னோடதுதான்,” என்றேன்.

சுண்டுவின் அம்மா அதுவரை பிடித்திருந்த என் கையை விட்டாள்.