தள்ளுவதற்கு ஓர் ஆள்

எந்தக் கார் நல்ல கார் என்று என்னைக் கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் தோட்டத்தில் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. ரப்பர் ஆலையில் எஞ்சின் ஓட்டிய ஃபிட்டர் நான் ஒருவன்தான். எஞ்சின் நின்று பத்து மாதம் ஆகியிருந்தது. ரப்பரை வாங்க யாரும் வரவில்லை. மரங்கள் சும்மா நின்றன, நாங்களும் சும்மா நின்று மரவள்ளிக் கிழங்கு தின்றோம்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் வைகாசி மாதம் அது. சிடாம் கிரிப் பக்கம் எங்கள் தோட்டம். வெள்ளைக்காரத் துரைகள் ஜப்பான் படைக்குப் பயந்து ஓடிப்போகுமுன் தங்கள் கார்களை ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தில் விட்டு, மேலே ரப்பர் ஷீட்டைப் போட்டு மூடியிருந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து மொரிதா என்ற ஜப்பான்காரர் அவற்றைக் கண்டுபிடித்தார். சுங்கை பட்டாணியில் இருந்து எங்கள் பக்கத்துத் தோட்டங்களையெல்லாம் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

இரண்டும் ஒரே கம்பெனி கார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மூக்கு நீளம், தரையோடு படிந்து நிற்கும். பந்தயத்தில் ஓட்டுகிற சாதி. பெரிய துரையின் கார் பழையது, துணிக் கூரை, ஒரே ஒரு கார்புரேட்டர். சின்ன துரையின் கார் மூன்று வருஷம் பிந்தி வந்தது. அதற்குத் தகரக் கூரை, இரட்டைக் கார்புரேட்டர், கண்ணாடி மாதிரிப் பெயிண்ட். துரைகள் தாங்களே ஓட்டுவார்கள். துரைசானிகளைச் சந்தைக்குக் கூட்டிப்போகவும் வண்டியைக் கழுவித் துடைக்கவும் ஆளுக்கொரு டிரைவர். பழைய காருக்கு அழகேசன், புதிய காருக்கு முருகையா.

அழகேசன் என் தங்கை அம்சவள்ளியின் புருஷன். வண்டி ஓட்டுவான், ஆனால் எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. முருகையா வேறு மாதிரி. ஒவ்வொரு திருகும் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும்.

மொரிதா இரண்டு காரையும் சுற்றி வந்தார். பிறகு என்னைப் பார்த்து, "மானா பாகுஸ்?" என்றார். எது நல்லது என்பதை அவருக்குத் தெரிந்த மலாயில் கேட்டார். இரண்டு நாள் அவகாசம் கொடுத்து, ஒரு பேட்டரியையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார். நல்ல கார் அவருக்கு. மற்றதைப் பிரித்துச் சாமான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் போன பிறகு தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி மாணிக்கவாசகம் என்னை ஆபீஸ் பக்கம் கூப்பிட்டார்.

"பழனியாண்டி, சயாம்ல ரயில் பாத போட இந்தத் தோட்டத்துல முப்பது பேரு கேட்டிருக்காங்க. இருபத்தொம்போது பேரு எழுதிட்டேன். மொரிதா தொரை ஒரு டிரைவரதான் வெச்சுக்குவாரு. மிச்சமாகுற டிரைவரு முப்பதாவது ஆளு."

"இத எங்கிட்ட ஏன்யா சொல்றீங்க?"

"அப்பறம் தெரியாதுன்னு நீ சொல்லக்கூடாது பாரு."

எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. அந்த நாள்களில் கோபம் வந்தாலும் உடம்பு அதற்கு ஒத்துழைக்காது. மாசியில் எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்கு இருபது பேர் போயிருந்தார்கள். மூன்று மாதத்தில் வந்து சேருவீர்கள் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ஒருவனும் வரவில்லை, ஒரு கடிதமும் வரவில்லை.

மறுநாள் காலை பேட்டரியை இரண்டு காரிலும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். இரண்டிலும் எஞ்சினைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் அருமையாகச் சுற்றியது. சத்தம் கேட்டு முருகையா வந்து நின்றான். பெட்ரோல் ஏது? ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைத்தான் ஊற்றினேன், நாற்றம் குடலைப் பிடுங்கும். பழைய கார் இருமிவிட்டு ஓடியது. புதிய கார் ஒரு நிமிஷம் ஓடி நின்றது. கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிக் கழுவி மாட்டினேன். மறுபடி ஒரு நிமிஷம்.

நியாயமான பதில் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நல்ல பெட்ரோலுக்குப் புதிய கார். இந்தக் கேடுகெட்ட எண்ணெய்க்குப் பழைய கார்தான். எதை ஊற்றினாலும் குடித்துக்கொள்ளும்.

தெரிந்து என்ன செய்ய? பழைய கார் என்று சொன்னால் அழகேசன் நிற்பான், முருகையா போவான். தங்கச்சி புருஷனைக் காப்பாற்றிக்கொண்டான் பார் என்று கூலி வீட்டு லயம் முழுக்கப் பேசும். எண்ணெய், கார்புரேட்டர் என்று நான் யாரிடம் போய் விளக்குவது? புதிய கார் என்று பொய் சொன்னால் தங்கை வாழ்க்கை போச்சு. பத்து நாளில் அந்தக் கார் நடுரோட்டில் நின்று என் தலையும் போகும்.

முப்பதாவது ஆள் விஷயம் அதற்குள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்சவள்ளி கிழங்கு அவித்துக் கொண்டுவந்து புகைக்கூடத்து வாசலில் வைத்தாள்.

"அண்ணே, நான் ஒன்னும் சொல்ல வரல."

"சரி."

"உனக்கும் எனக்கும் வேற யாரு இருக்கா?"

"சொல்ல வரலன்னியே, போ."

அவள் போகவில்லை. நான் தின்று முடிக்கும்வரை நின்று, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

முருகையா எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தன் காரைக் கழுவினான். பிரித்துப்போடப் போகிற காருக்குக் குளிப்பாட்டு. கெஞ்சியிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன், மனமும் ஆறியிருக்கும். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னது வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோப்பில்லாத தண்ணீரில் நுரை தேடிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் எல்லோரும் கிழங்கு வாங்க வரிசையில் நிற்கப் போயிருந்தார்கள். நான் மட்டும் புகைக்கூடத்தில் இருந்தேன். பெரிய யோசனை எல்லாம் இல்லை. யோசிக்கத் தெம்பும் இல்லை. இரண்டு காரின் ஸ்டார்ட்டர் மூடியையும் கழற்றி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கார்பன் பிரஷை எடுத்தேன். கட்டைவிரல் நகம் அளவுக் கரித்துண்டு. அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது. வேறு இடத்தில் வாங்கவும் அந்தக் காலத்தில் வழியில்லை, ஒரு காரில் விட்டுவைத்தால் மற்றதற்கு மாட்டிவிடுவார்கள். இரண்டையும் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். முன்னால் விட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்புகிற ஹேண்டில் இரண்டும் துரை பங்களாவில் கிடந்தன, இரும்பு வேண்டுமென்று போன வருஷமே ஜப்பான் சிப்பாய்கள் அவற்றைப் பொறுக்கிப் போயிருந்தார்கள்.

மறுநாள் மொரிதா வந்தார். பழைய காரைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த மலாயில் காரணமும் சொன்னேன். அவரே இரண்டையும் முடுக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டும் 'டக்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தன.

"ஸ்டார்ட்டர் ரோசாக், கெட்டுப்போச்சு, துவான். தள்ளித்தான் எடுக்கணும். ஒருத்தன் உள்ள, ஒருத்தன் பின்னால. போற எடத்துல ஆள் கெடைக்காது. எஞ்சின் தெரிஞ்ச ஆளாக் கூடவே கூட்டிக்கிட்டுப் போறது நல்லது. முருகையாவுக்கு எஞ்சின் தெரியும்" என்று பாதி மலாயும் பாதி தமிழுமாகச் சொன்னேன். மீதியைக் கிராணி எடுத்துச் சொன்னார்.

தள்ளிப் பார்த்தார்கள். முருகையா தள்ள, அழகேசன் கியரைப் போட, பழைய கார் புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. மொரிதா சிரித்துவிட்டார். இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பேர். அழகேசன் ஓட்ட, மொரிதா பக்கத்தில் உட்கார, முருகையா பின்னாலிருக்கும் உபரிச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துத் தொற்றிக்கொண்டு போக வேண்டியது. அந்தக் கோலத்தைப் பார்த்து லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். அம்சவள்ளி அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

முப்பதாவது ஆள் யார் என்று நான் ஏன் நினைக்கவில்லை? இத்தனை வருஷம் கழித்தும் இதைக் கேட்டுக்கொள்கிறேன். எண்ணிக்கை குறையாது என்று எனக்குத் தெரியும். யாரோ ஒருவன் போவான், அவன் முகம் என் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் கிராணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரவில்லை.

"தொரை ஆள் கணக்க முடிக்கச் சொல்லிட்டாரு. காரு ஓட்ட ஒருத்தன், தள்ள ஒருத்தன். ஆலை எஞ்சின் ஓடல. ஃபிட்டரு எதுக்குன்னு கேட்டாரு, எனக்குப் பதில் தெரியல. உனக்குப் பொண்டாட்டி புள்ளையும் இல்ல."

"அதனால?"

"நாளைக்குக் காலையில லாரி."

இடுப்பில் அந்த முடிச்சு இருந்தது. ஸ்டார்ட்டரை நான் சரிபண்ணித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தள்ளுகிற ஆள் வேண்டாம், பட்டியலில் என் பெயர் போய் முருகையா பெயர் வந்துவிடும். நாக்கு நுனி வரை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அப்புறம் முருகையாவின் சின்னப் பெண்ணைத் தினமும் பார்க்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. பயம்தான், வேறொன்றுமில்லை.

"சரி" என்றேன்.

அம்சவள்ளி விடியும்போதே வந்துவிட்டாள். அவள் என்னென்னவோ சொல்லி அழுதாள். அழகேசன் மூலையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவள் ஒன்று கேட்டாள்.

"அண்ணே, அவருக்காகவா இப்படிப் பண்ணே?"

"நான் ஒன்னும் பண்ணல. வழிக்குக் கிழங்கு வெச்சிருக்கியா?"

லாரியில் முப்பது பேர் நின்றோம். சுங்கை பட்டாணி ஸ்டேஷன் வரை மொரிதாவின் கார் முன்னால் போக வேண்டும் என்று உத்தரவு. முந்தின இரவு மழையில் ரோடு சேறாகியிருந்தது. முருகையா ஒருவன் தள்ளிக் கார் நகரவில்லை. காவலுக்கு வந்த சிப்பாய் லாரி விளிம்பில் நின்றவர்களில் நாலு பேரை இறங்கச் சொன்னான். நான் விளிம்பில்தான் நின்றேன்.

பின்பக்கத்தில் கையை வைத்தேன். பக்கத்தில் முருகையாவின் தோள். குனிந்தபடி, யாருக்கும் கேட்காமல் சொன்னான்.

"ரெண்டு ஸ்டார்ட்டரும் மொத நாளு சுத்துச்சுண்ணே. நான் கேட்டேன். நேத்து மூடியத் தொறந்தும் பாத்தேன், கரித்துண்டு இல்ல."

நான் காலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டேன்.

"நான் வாயத் தொறந்து தொரைகிட்டச் சொல்லணும்னுதான் ராத்திரி முழுக்க நெனச்சேன். தொறக்க முடியல."

"வாய மூடிக்கிட்டுத் தள்ளு லா" என்றேன்.

தள்ளினோம். சேறு முழங்கால் வரை தெறித்தது. பத்தடி போனதும் கார் குலுங்கிப் பிடித்துக்கொண்டது. முருகையா ஓடிப்போய்ச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு ஏறினான். திரும்பி என்னைப் பார்த்தபடியே போனான். நான் லாரிக்கு நடந்தேன்.

ஸ்டேஷன் வரை அந்தக் கரித்துண்டுகள் இடுப்பில் குத்திக்கொண்டே வந்தன. வழியில் வீசியிருக்கலாம். யாராவது கண்டெடுத்து மாட்டிவிட்டால் என்ன செய்வது என்று சயாம் வரை வைத்திருந்தேன்.