கூப்பிடு தூரத்துப் பள்ளிக்கூடம்

வெல்டரின் வீட்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளி அவர் மனைவிக்குக் கூப்பிடு தூரம். வெல்டருக்கோ ஒரு பகல் முழுக்க நடந்தாலும் போய்ச்சேர முடியாத தூரம். வீடு ஒன்று, தெரு ஒன்று, இரண்டு பேரும் ஒரே வாசலில்தான் செருப்பு மாட்டினார்கள். மருந்துக்கடையில் வேலை பார்த்த மனைவி, மகள் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கொடுத்து, அது பொங்குவதற்குள் திரும்பிவிடுவார். வெல்டர் புறப்பட்டால் மெத்தைக் கடை, தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் கடை, அப்புறம் ஒரு நீளமான மதில் என்று தாண்டிக்கொண்டே போவார். மதில் முடிந்ததும் மறுபடியும் ஒரு மெத்தைக் கடை வரும். அதே கடைதானோ என்று முதலில் சந்தேகப்பட்டார். இல்லை, இந்த முதலாளிக்கு மீசை இருந்தது.

பெற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்தப் பள்ளிக்கூடம் ஒவ்வொரு தூரத்தில் இருந்தது என்பது ஊரில் பலருக்கும் தெரியும். நர்ஸம்மாவுக்கு அது அடுப்படிச் சன்னலுக்கு வெளியிலேயே வந்து நின்றது. பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னால் இங்கிருந்தே கரண்டியோடு திருத்துவார். சலூன்காரர் பாடுதான் வேடிக்கை. மூத்தவனுடைய டீச்சரைப் பார்க்கப் போனால் நாலு எட்டு வைப்பதற்குள் பள்ளிக்கூட வாசல். இளையவனுடைய டீச்சரைப் பார்க்கப் போனால் நாக்குத் தள்ளிவிடும். அதே கட்டடம், பக்கத்துப் பக்கத்து வகுப்பு. "ரெண்டையும் ஒரே நாள்ல பாத்துட்டு வந்துடணும்ணே, மூத்தவனுக்குன்னு சொல்லிக் கிளம்பிட்டா தெருவ ஏமாத்திடலாம்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் யோசனை சொல்வார். தெரு ஏமாந்ததாகத் தகவல் இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. யார் வீட்டுப் பிள்ளையானாலும் வீட்டு வாசலில் ஒரு பிஸ்கட்டைக் கடிக்க ஆரம்பித்தால் பாதி தீர்வதற்குள் பள்ளி வந்துவிடும்.

வெல்டருக்கு ஆரம்பத்தில் பள்ளி தூரமாக இருக்கவில்லை. அதன் இரும்புக் கேட்டே அவர் பட்டறையில் செய்ததுதான். சூரியக்கதிர் மாதிரி கம்பி வளைத்து, நடுவில் ஒரு தாமரை வைத்து, இரவும் பகலும் உட்கார்ந்து செய்தார். முடிந்ததும் பள்ளியிலிருந்து வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அதை மாட்டுவதற்கு முந்தின நாள் மகளை முதல் வகுப்பில் சேர்க்கப் போனார். மனைவிக்கு அன்று கடையில் லீவு கிடைக்கவில்லை. பட்டறையிலிருந்து நேராகப் போனதால் கை முழுக்கக் கரி, தலையெல்லாம் இரும்புத் தூள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் நிமிர்ந்து பார்த்து, "கையக் கழுவிட்டு வாங்க, அப்பறம் பேசலாம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கூட்டம் அதிகம், வெயில் வேறு. வெல்டர் மகளை அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு புறப்பட்டார். அன்றைக்குத்தான் முதன்முதலாக மீசை வைத்த மெத்தைக்கடை முதலாளியைப் பார்த்தார்.

அங்கே டீச்சர் குழந்தையின் பெயரைக் கேட்டார். "அப்பா வரட்டும், சொல்றேன்" என்றாள் குழந்தை. அதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் பேசிய கடைசிப் பேச்சு. சாயங்காலம் அம்மா போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். வீட்டில் அவளுக்கு வாய் ஓயாது. அப்பாவின் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரோடுகூடப் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் தலையாட்டுவாள், எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவாள், வாயை மட்டும் திறக்கமாட்டாள். ஒவ்வொரு நாளும் வகுப்பு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படியே ஒன்றிலிருந்து ஐந்துவரை வந்துவிட்டாள்.

வெல்டர் முயற்சி பண்ணாமல் இல்லை. ஒருநாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து பார்த்தார். தண்ணீர்த் தொட்டி வரை கை கையில் இருந்தது. அப்புறம் பார்த்தால் அவர் மட்டும் நிற்கிறார், அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொரு நாள் மனைவியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனார். அம்மா போய்ச்சேர்ந்து திரும்பி வந்து, சைக்கிள் கடையருகில் வியர்த்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கேட்டு செய்யத் தெரியுது, கேட்டுக்குப் போகத் தெரியலையா? உங்களுக்கு அவங்ககிட்டப் பேசக் கூச்சம், அதான் விஷயம். பழியத் தூக்கித் தெரு மேல போடாதீங்க" என்றார். வெல்டர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடும்போது மகளிடம் மட்டும், "கேட்டு எப்படிம்மா நிக்குது?" என்று கேட்டார். தினமும் கேட்பார். "ஜம்முன்னு நிக்குதுப்பா" என்று அவளும் தினமும் சொல்வாள்.

இதற்குள் அந்த ஒன்றாம் வகுப்பு டீச்சரே தலைமையாசிரியை ஆகிவிட்டிருந்தார். கண்டிப்பானவர். மனசிருந்தால் மார்க்கமுண்டு என்பதை இறைவணக்கக் கூட்டத்தில் வாரம் தவறாமல் சொல்லிவந்தார். ஐந்தாம் வகுப்பையும் அவரேதான் எடுத்தார். வருடக் கடைசி நெருங்கியதும் வெல்டரின் மனைவியைக் கூப்பிட்டு, வாய் திறக்காத பிள்ளையை எப்படி மேல் பள்ளிக்கு அனுப்புவது, அப்பா நேரில் வந்து பேசினால்தான் அனுப்புவேன், இல்லையென்றால் இன்னொரு வருடம் இங்கேயே உட்காரட்டும் என்று சொல்லிவிட்டார். மகள் அன்று ராத்திரி முதல்முறையாக வீட்டிலும் பேசவில்லை. வெல்டர் மூன்று தடவை புறப்பட்டுப் போய், மூன்று தடவையும் இருட்டியதும் திரும்பினார்.

தலைமையாசிரியைக்குப் பொறுமை போய்விட்டது. நாமே போய் அந்த மனுஷனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவோம் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் எந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் அதுவரை போனதில்லை. மதிய மணிக்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சைக்கிள் கடையைத் தாண்டினார், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார், மெத்தைக் கடையைத் தாண்டினார். அப்புறம் ஒரு சைக்கிள் கடை வந்தது. வெல்டர் வீடு எங்கே என்று விசாரித்தால் எல்லாரும் "இதோ, இப்படியே நேரா" என்றார்கள். வெயில் ஏற ஏறக் குடை கனத்தது, ஒரு செருப்பில் வார் அறுந்தது. மனசு இருந்தது, மார்க்கமும் இருந்தது, வீட்டைத்தான் காணோம். கடைசியில் காய்ந்த வாய்க்காலின் மேல் ஒரு சின்னப் பாலம் வந்தது. அதன் சுவரில் ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நான்காவது தடவையாக விடியற்காலையிலேயே புறப்பட்டிருந்த வெல்டர்தான் அது.

"டீச்சர், உக்காருங்க டீச்சர். தண்ணி குடிங்க" என்று பதறி எழுந்தார் வெல்டர். பாட்டிலை நீட்டிய கைகளைத் தலைமையாசிரியை பார்த்தார். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து சிவந்திருந்தன.

"என்னங்க கையெல்லாம் இப்பிடி இருக்கு?"

"கழுவிட்டு வரச் சொன்னீங்களே டீச்சர். ஒவ்வொரு தடவ கிளம்பும்போதும் கழுவிட்டுத்தான் வர்றேன். இன்னும் சரியாப் போகலையோ என்னமோ, பள்ளிக்கூடம் வர மாட்டேங்குது."

"நானா சொன்னேன்?"

"நல்லதுக்குத்தான் சொன்னீங்க."

தலைமையாசிரியைக்கு எவ்வளவு யோசித்தும் அது நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வராததுதான் அவரைக் கொன்றது. கேட்க வைத்திருந்த நாலு கேள்வியில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, சொந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரியாமல் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவு தூரத்துலயா இருந்தீங்க இத்தன வருஷமா?" என்றார். "ஆமா டீச்சர்" என்றார் வெல்டர். அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தெரு நீண்டுகொண்டே போயிற்று.

டீச்சர் இல்லாத ஐந்தாம் வகுப்பில் அப்போது ஒரே கூச்சல். மதிய இடைவேளையில் வெல்டரின் மகள் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். அப்பாவும் வரவில்லை, போன டீச்சரும் வரவில்லை. அவளே கேட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். பாலத்துக்கு வந்து நின்றபோது கையில் பாதி பிஸ்கட் மிச்சமிருந்தது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மிச்சத்தை வாயில் போட்டு மென்று முழுங்கி, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு டீச்சர் எதிரில் நேராக நின்றாள்.

"டீச்சர், அப்பா வந்துட்டாரு. இப்பச் சொல்லட்டுமா?"

தன் பெயரைச் சொன்னாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, கணீரென்று. தினமும் வருகைப்பதிவில் வாசித்த பெயரை அன்றுதான் புதிதாகக் கேட்பவர்போலத் தலைமையாசிரியை கேட்டார், குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார். வெல்டர் அழவில்லை. அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மேல் பள்ளிக்குப் போனாள். அங்கே வாயை மூடச்சொல்லிப் புகார் வந்ததாகக் கேள்வி. அவள் அம்மா கூடம் கோணல் பழமொழியை அதற்குப்பிறகு எடுக்கவில்லை. வெல்டர் பாலத்தில் ஓர் இரும்பு பெஞ்சு செய்து, கால்களைத் தரையில் பதித்து வைத்தார். சலூன்காரர் இளையவன் விஷயமாக டீச்சரிடம் பேச அங்கேதான் வந்து உட்காருகிறார். வெல்டருக்குப் பள்ளி இன்றைக்கும் அதே தூரம்தான்; தான் செய்த கேட்டை நின்ற இடத்தில் அவர் இன்னும் பார்க்கவில்லை. ஜம்மென்று நிற்கிறது என்று தலைமையாசிரியை பெஞ்சில் உட்கார்ந்து அவருக்குச் சொல்வார். தெருவைச் சுருக்குவதற்கு யாரும் மனு எதுவும் போடவில்லை. சேர்க்கை நாளில் பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் தலைமையாசிரியை பெற்றவர்களிடம், "உங்களுக்கு இங்கேருந்து எவ்வளவு தூரம்?" என்றுதான் கேட்கிறார். பக்கம்தான் என்றால் உட்காரச் சொல்கிறார். வந்துசேர முடியாத யாராவது ரொம்ப தூரம் என்று பிள்ளையிடம் சொல்லியனுப்பினால், மேசைக்கடியில் கிடக்கும் கெட்டிச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்.