ஆறுதலா வாங்கோ

பொறாமை என்று சொல்லக் கூச்சப்படுகிறவள் இல்லை நான். வசுமதியின் மேல் எனக்குப் பொறாமை. அவளுடைய நடை பிடிக்கவில்லை, முதுகில் மாட்டும் பச்சைப் பை பிடிக்கவில்லை, என் மனுசனை அவள் ‘அண்ணா’ என்று கூப்பிடுவது எல்லாவற்றையும்விடப் பிடிக்கவில்லை. அண்ணா என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் பெண்சாதிக்காரி நிம்மதியாகத் தூங்கிவிடுவாள் என்று யார் சொன்னது?

என் மனுசன் சிறீதரனுக்கு ஜெர்மனியின் பான் நகரப் பல்கலைக்கழக உணவுச்சாலையில் சமையல் வேலை. மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த வசுமதி, அங்கே தட்டோடு வரிசையில் நின்று தொலைபேசியில் தமிழில் பேசியிருக்கிறாள். இவர் உருளைக்கிழங்கை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டிருக்கிறார். அப்படித்தான் தொடங்கியது. இந்தப் பெட்டி தேடும் விளையாட்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

யாரோ ஒருவர் காட்டுக்குள் சின்னப் பெட்டி ஒன்றை ஒளித்துவைத்துவிட்டு, அதற்கு வழி சொல்லும் குறிப்பை இணையத்தில் போடுவார். பெட்டிக்குள் ஒரு றப்பர் முத்திரையும் ஒரு கொப்பியும் இருக்கும். தேடிப் போகிறவர்கள் அந்த முத்திரையைத் தங்கள் கொப்பியில் குத்திக்கொள்ள வேண்டும். பெட்டியின் கொப்பியில் தங்கள் முத்திரையைக் குத்த வேண்டும். பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டும். வேலைவெட்டி இல்லாதவர்களின் கூத்து என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் லீவு நாளில் எழுப்பினால் போர்வையை இழுத்து மூடுகிற இந்த மனுசன், இப்போது ஞாயிறு விடிய முதல் சப்பாத்தோடு நிற்கிறார்.

அழிறப்பரில் முத்திரைகளையும் அவரே வெட்டினார். தனக்கு ஓர் அகப்பை. வசுமதிக்கு ஒரு மயில், தோகையெல்லாம் வைத்து. எனக்கு இல்லை.

“நீர் என்னோடதானே வாறீர். குடும்பத்துக்கு ஒண்டே காணும்” என்றார்.

ஆக, றைன் கரைக் காடுகளில் பெட்டிக்குப் பெட்டி அகப்பையும் மயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கூடவே நடந்த நான் எங்கேயும் இல்லை.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவள் அவரோடு கதைக்கும் விதம்தான் வயிற்றெரிச்சல். காய்ச்சல்காரனிடம் கேட்பதுபோல, “நல்லாத் தூங்குனீங்களாண்ணா?” என்று கேட்பாள். வீட்டிலிருந்து பூண்டு ஊறுகாய் கொண்டுவந்து கொடுப்பாள். “எதையும் மனசுலயே வச்சுக்காதீங்கண்ணா” என்பாள். இவரும் தலையை ஆட்டி ஊறுகாயை வாங்கிக்கொள்வார். எனக்குத் தெரியாமல் இந்த மனுசன் மனதில் அப்படி எதை வைத்திருக்கிறார்? யோசித்து யோசித்து நான் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

அந்த ஞாயிறு கேனிக்ஸ்விண்டரில் டிராமை விட்டு இறங்கினோம். வசுமதி வந்திருக்கவில்லை. இவர் தொலைபேசியில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினார். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ‘அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ.’ அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. ஒக்ரோபர் குளிரில் ஆற்றுக் காற்று காதுக்குள் போக நின்றதுதான் கோபம். அவள் வந்து சேரும்வரை இவர் ஒருதரம்கூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

மலை ஏறத் தொடங்கினோம். அவர்கள் இரண்டு பேரும் முன்னால், நான் பின்னால். வளைவுக்கு வளைவு அவருடைய குரல் மட்டும் என்னை அவசரப்படுத்தத் திரும்பி வந்தது.

“சுலோ, கெதியா வாரும்.”

குறிப்பு ஜெர்மன் மொழியில் இருந்தது. வசுமதி அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டே போனாள். சிலுவை நிற்கும் பாதை முடக்கைத் தாண்டினால் இரட்டைப் பிள்ளைகள் நிற்பார்களாம், அவர்களுடைய காலடியில் பெட்டியாம். சிலை ஏதோ இருக்கிறது என்று நினைத்து இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக மேலே போய்விட்டார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. சிலுவைக்குச் சற்று மேலே ஒரு கல்லில் இருந்துவிட்டேன். இருந்து பார்த்தால், எதிரே சரிவில் ஒரே வேரிலிருந்து இரண்டு மரங்கள். நடக்கிறவர்களுக்கு அது ஒரு மரம் மாதிரித்தான் தெரியும்.

வேருக்குள் கையை விட்டேன். சருகுக்குக் கீழே பிளாஸ்டிக் பெட்டி. முதல்முறையாக நான் கண்டுபிடித்த பெட்டி. கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். குத்த என்னிடம் என்ன இருக்கிறது? பெட்டிக்குள் கிடந்த மைத்தட்டில் பெருவிரலை நன்றாக அழுத்தி, வெறும் பக்கத்தின் நட்ட நடுவில் வைத்தேன். இனி அகப்பையும் மயிலும் வேண்டுமானால் ஓரத்தில் ஒதுங்கட்டும்.

என்னைத் தேடி வசுமதிதான் முதலில் இறங்கி வந்தாள். பெட்டியைக் கண்டு, “சூப்பர்க்கா” என்றபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்களுக்கும் அண்ணாவுக்கும் வீட்டுல ஏதாவது ப்ராப்ளமா?”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. “ஆர் அப்பிடிச் சொன்னது?”

“அவரேதான். வாராவாரம் மெசேஜ் பண்றாரே.” தொலைபேசியை நீட்டினாள். ‘ஞாயிறு ஆறுதலா இருந்து கதைப்பம்.’ ‘ஆறுதலா வாங்கோ.’ அடுத்த கிழமையும் அதுதான், அதற்கு அடுத்த கிழமையும். “வீட்டுல ஆறுதல் இல்லாமத்தானே மனுஷன் வெளியில தேடுறாரு, பாவம்னுதான்க்கா வர்றேன். எனக்கு தீசிஸ் வேலை தலைக்கு மேல கிடக்கு.”

விளங்கியதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“அது அந்த ஆறுதல் இல்லையப்பா. இலங்கையில எங்கட ஆக்கள் ஆறுதலா எண்டு சொன்னா மெதுவா, அவசரப்படாமல். அவ்வளவுதான்.”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ அக்கா. நான் ஹம் ஊர் அம்மன் கோயில்ல அர்ச்சனை வேற பண்ணிட்டு வந்தேன்.”

“ஆரின்ர பேருக்கு?”

“உங்க ரெண்டு பேர் பேருக்கும்தான்.”

பாவம், நல்ல பிள்ளை. அதற்குப் பிறகு அவளை வெறுக்க எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது. தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த வரிகளை மறுபடி பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மெதுவாக வாங்கோ. அவசரமில்லை. நான் காத்திருக்கிறேன். அதைத்தானே எழுதியிருக்கிறார். எனக்கு அவர் சொல்வதெல்லாம் கெதியா வாரும், கெதியா சாப்பிடும், கெதியா வெளிக்கிடும். இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை என்னிடம் ஒருநாள் சொல்லியிருப்பாரா? அவருக்குப் பொறுமையே கிடையாது, பிறவிக் குணம் என்றல்லவா நான் இருந்தேன். பொறுமை இருந்திருக்கிறது. குளிரில் நின்று காத்திருக்கும் அளவுக்கு இருந்திருக்கிறது. பொறாமை போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. வசுமதியை விட்டுவிட்டு அந்த ஒரு சொல்லில் போய்ப் பிடித்துக்கொண்டது.

மேலேயிருந்து குரல் வந்தது. “சுலோ, கெதியா வாரும். மழை வரப்போகுது.”

நான் எழும்பவில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

“என்ன இருந்திட்டீர்? கால் நோகுதோ?”

“பெட்டியை எடுத்திட்டன்.”

கொப்பியைப் பார்த்தார். “இதென்ன, கைநாட்டு வச்சிருக்கிறீர்?”

“எனக்குத்தான் முத்திரை இல்லையே.”

வசுமதி மயிலை வெளியே எடுக்காமல் பையை மூடி, “நான் முன்னாடி போறேன்” என்று பாதையில் இறங்கினாள்.

“இஞ்சருங்கோ” என்றேன். “அவவுக்கு எழுதுறதை எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ.”

“என்னத்தை?”

“ஆறுதலா வா எண்டு.”

அவர் என்னைப் பார்த்தார். பகிடி இல்லை என்று விளங்கியிருக்க வேண்டும். பழக்கத்தில் மணிக்கூடு கட்டிய கை மேலே வந்தது, பாதியில் நின்று கீழே போனது.

“ஆறுதலா வாரும்” என்றார்.

மழைத் துளி விழத் தொடங்கியிருந்தது. இறுகக் கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன். அவர் நின்றார். திரும்பவும் முதலில் இருந்து, ஆறுதலாகக் கட்டினேன்.