ஆறு மணிக் குரல்

கங்கம்மாள் நாற்று முடியைக் கையில் பிடித்தபடியே சேற்றில் சாய்ந்தது தை எட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம் நிலத்துக்காரி பவளம். வரப்பில் நின்று, நாஷ்டா கிளம்பிவிட்டதா என்று வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். போனை வைப்பதற்குள் பதினாலு பேர் குனிந்திருந்த நடவில் ஒரு முதுகு குறைந்துபோனது.

மானாம்பதியில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் முதல் போன் ஆட்டோவுக்கு, இரண்டாவது போன் வளர்மதி டீச்சருக்கு. உத்திரமேரூரிலிருந்து ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, கங்கம்மாளுக்குக் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. சர்க்கரை நாற்பத்திரண்டுக்கு இறங்கியிருந்ததாம். இன்னும் அரைமணி போயிருந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று நர்ஸ் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"வெறும் வயித்துல மாத்திரை போட்டியா கங்கம்மா?"

"நீதான டீச்சர் போடச் சொன்ன."

"நானா?"

"காலைல ஆறு மணிக்குப் போன் பண்ணியே. வணக்கம்மா, நான் வளர்மதி பேசறேன், சக்கரை மாத்திரை போட்டாச்சான்னு கேட்டியே. போட்டுக்கினு ஒண்ணு அமுக்குனேன். நீ சொல்லி நான் போடாம இருப்பேனா?"

ஆறு மணிக்கு வளர்மதி தன் வீட்டு வாசலில் பால் பாக்கெட்டுக்காக நின்றுகொண்டிருந்தாள். யாருக்கும் போன் பண்ணவில்லை. கங்கம்மாளின் போனை வாங்கி, அழைப்பு வந்த அதே நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். அப்படிக் கொடுத்தால் அன்றைய செய்தி திரும்ப வரும். அந்த ஏற்பாட்டை, செய்தி அனுப்பும் சென்னைக் கம்பெனிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

செய்தி வந்தது. அவளுடைய குரலேதான். 'வணக்கம்மா'வுக்குப் பிறகு அவள் விடும் சின்ன மூச்சு, 'மாத்திரை'யில் அவள் கொடுக்கும் அழுத்தம், எல்லாம் இருந்தன. "காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போட வேண்டிய மாத்திரையை இப்பவே போட்டுக்குங்க. போட்டாச்சுன்னா ஒண்ணு அமுக்குங்க. போடலைன்னா ரெண்டு அமுக்குங்க." இந்த வாக்கியங்களை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை.

இதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வளர்மதி இருபத்திரண்டு வருஷம் உயிரியல் டீச்சர். சிறுநீரகத்தைக் கரும்பலகையில் இரண்டே கோட்டில் போடுவாள். வகுப்பில் பாடம் நன்றாகத்தான் போனது. வீட்டில் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் பேதிக்குத் தண்ணீரை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பரீட்சையில் பத்துக்குப் பத்து வாங்கிய பெண்ணின் தம்பி அப்படியே செத்துப்போனபோது, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கல்லூரியில் நடந்த சமுதாய வானொலிக்குப் போனாள். பதினைந்து கிலோமீட்டர் எட்டுகிற ரேடியோ. அங்கே ஒன்பது வருஷம்.

அங்கேதான் அவளுக்கு அந்த வழக்கம் வந்தது. எழுதிய எதையும் நேராக ஒலிபரப்ப மாட்டாள். நடவுக்கும் களைக்கும் போகிற பெண்களிடம் முதலில் வாசித்துக் காட்டுவாள். பிறகு, "இப்ப நான் இன்னா சொன்னேன், நீ சொல்லு" என்பாள். பெரும்பாலும் கேட்பது மானாம்பதி ஊர்க்கோடியில் இருக்கிற கங்கம்மாளிடம். கங்கம்மாள் திருப்பிச் சொல்வது சரியாக இருந்தால் ஒலிபரப்பு. இல்லையென்றால் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதுவாள். சர்க்கரை மாத்திரைச் செய்தியை ஆறு முறை கிழித்தாள். புத்தகத்தில் உள்ளபடி 'காலை உணவுக்கு முன்' என்று எழுதியபோது கங்கம்மாள், "அப்ப எழுந்ததும் போடணும்" என்று திருப்பிச் சொன்னாள். எழுவது நாலரைக்கு. நாஷ்டா வயலுக்கு வருவது ஒன்பதரைக்கு. நடுவில் ஐந்து மணி நேரம், அதில் மூன்று மணி நேரம் குனிந்த வேலை. ஏழாவது தாளில் வளர்மதி இப்படி எழுதினாள்: 'நாஷ்டா தூக்கு வரப்புக்கு வரட்டும். மூடியைத் திற. அப்புறம் மாத்திரையைப் போடு.' கங்கம்மாள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, "இதைச் சொல்லவா இத்தனை நாளு?" என்றாள்.

பிறகு சென்னைக் கம்பெனி வந்தது. போனில் ஆரோக்கியச் செய்தி, பதினோரு மாவட்டம். அவள் நாற்பது மணி நேரம் பேசிக் கொடுத்தாள். அந்தக் குரலை வைத்து இயந்திரம் புது வாக்கியமும் பேசும் என்று ஒப்பந்தத்தில் மூன்றாம் பக்கத்தில் தெளிவாகவே இருந்தது. இரண்டு முறை படித்துத்தான் கையெழுத்துப் போட்டாள். அனுப்புவதற்கு முன்னால் உங்களிடம் காட்டுவோம் என்று வாயால் சொன்னார்கள். அதை எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், தர்மபுரியிலும் தேனியிலும் தன் குரல் ஒலிக்கப்போகிற சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்துச் சென்னைக்குப் போனாள். திட்ட மேலாளர் தினகரன் எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போட்டான். மரியாதையான பையன், நாற்பது வயதிருக்கும்.

"அந்தம்மா இப்ப நல்லாருக்காங்களா மேடம்?"

"உயிரோட இருக்காங்க. ஆறு மணிச் செய்தியை யாரு எழுதினது?"

"டீம் எழுதினது மேடம். டாக்டர் பார்த்து ஓகே பண்ணியிருக்காரு. மருத்துவப்படி அதுல தப்பே இல்ல. உணவுக்கு முன்னாடின்னுதான் இருக்கு."

"நான் எழுதிக் கொடுத்தது இன்னா ஆச்சு? பத்து மணிக்குப் போக வேண்டிய செய்தி."

தினகரன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். "பத்து மணிக்குப் போட்டா நூத்துக்குப் பதினோரு பேருதான் போனை எடுக்கறாங்க. ஆறு மணிக்கு எழுபத்தெட்டு."

"பத்து மணிக்குக் கையில சேறு தினகரன். சேத்துக் கையோட எவ போனை எடுப்பா?"

"அதேதான் மேடம் நானும் சொல்றேன். அதனாலதான் ஆறு மணிக்கு மாத்தினோம்."

அவள் அவனையே பார்த்தாள். விளையாட்டாகச் சொல்லவில்லை அவன்.

"நாளைக்குக் காலையில அந்த அழைப்பு போகக் கூடாது."

"அடுத்த வெர்ஷன்ல 'சாப்பிட மறக்காதீங்க'ன்னு ஒரு வரி சேர்த்துடறோம். மூணு வாரம் ஆகும். மாசக் கடைசியில ரிப்போர்ட் போகணும் மேடம், இப்ப நடுவுல நிறுத்த முடியாது. உங்களைத் தலைமை ஆலோசகரா போடலாம்னுகூடப் பேசிக்கிட்டிருக்கோம்."

"மூணு வாரம்னா இருபத்தொரு காலை. பதினோரு மாவட்டத்துல எத்தனை கங்கம்மா?"

"மேடம், சட்டப்படி அந்தக் குரல் எங்களுது."

"குரல் உங்களுதாவே இருக்கட்டும். வாய் என்கிட்டதான் கீது" என்று எழுந்தாள். கோபம் வந்தால் எந்த இடத்திலும் அவளுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். தினகரன் லிஃப்ட் வரை கூடவே வந்து, வெளியில் எதுவும் பேச வேண்டாம் என்று மூன்று முறை கேட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலமே அவள் பேசினாள். வானொலி நிலையப் பொறுப்பாளர் ஐசக் முதலில் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான்.

"டீச்சர், அவங்க நோட்டீஸ் விடுவாங்க. நம்மகிட்ட இருக்கறது ஒரு மைக், ஒரு ஃபேன். ரெண்டையும் தூக்கினு போயிடுவாங்க."

"ஃபேன் ஓடி எத்தனை மாசமாச்சு ஐசக்கு? எடுத்தா எடுக்கட்டும். மைக்கைத் திற."

ஐசக் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு சிவப்பு விளக்கைப் போட்டான். வளர்மதி ஆறு நிமிஷம் பேசினாள். காலையில் போனில் வருவது நான் இல்லை, இயந்திரம். அதைக் கேட்டு மாத்திரை போடாதீர்கள், மாத்திரையை நிறுத்தவும் நிறுத்தாதீர்கள், நாஷ்டா வந்த பிறகு போடுங்கள் என்றாள். எழுதி வைத்துப் பேசவில்லை. யாரிடமும் வாசித்துக் காட்டவும் இல்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

மறுநாள் சனிக்கிழமை காலை மானாம்பதிக்குப் போனால், நடவுக்காரிகள் பதினாலு பேரில் மாத்திரைக்காரிகள் ஆறு பேர். கங்கம்மாள் ஓய்வில் இருந்தாள். மீதி ஐந்து பேரும் ஆறு மணிக்கே மாத்திரை போட்டிருந்தார்கள்.

"ரேடியோ கேக்கலையா நேத்து?"

"கேட்டோமே" என்றாள் எல்லம்மாள். அந்த ஐந்து பேரில் வாய்க்காரி அவள். "யாரோ உன்ன மாதிரியே பேசி, போன்ல வர்றத நம்பாதீங்கன்னு கத்துனா. நல்லாப் பண்ணிக்கினு கீறாங்க மோசடி."

"அடிப்பாவி. அதுதான்டி நானு."

"நீ எந்தக் காலத்துல டீச்சர் கத்துன? போன்ல வர்றதுதான் நீ. வணக்கம்மான்னு எம்மாம் பதவிசா பேசுது."

மற்றவர்கள் சிரித்தார்கள். வளர்மதிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருஷம் அவள் சேர்த்து வைத்த பேர் அப்படியே இயந்திரத்தின் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. வயலுக்குக் கிளம்பியவர்களை நிறுத்தி, கடையில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து, ஐந்து பேரும் முழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

அப்புறம் கங்கம்மாள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கங்கம்மாள் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுங்க சொல்றதுல தப்பு இன்னா கீது டீச்சர்? ரெண்டும் உன் கொரலு. எத நம்பறது?"

"அதைத்தான் கேக்கறேன். இன்னா பண்ணலாம், நீ சொல்லு."

கங்கம்மாள் கிண்ணத்தை வைத்தாள். "அது பேசறப்ப நீ எதுருல நில்லு. வாயத் தெறக்காம நில்லு. கண்ணு பாத்துக்கும்."

ஞாயிற்றுக்கிழமை நடவு இல்லை. திங்கட்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு வளர்மதி மானாம்பதி ரேஷன் கடை முன்னால் நின்றாள். நடவுக்காரிகளை ஏற்றிப்போகும் குட்டியானை வேன் அங்கேதான் வரும். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் முக்காட்டோடு ஒவ்வொருவராக வந்தார்கள். கங்கம்மாளும் வந்தாள், வேலைக்கு அல்ல. வளர்மதி யாரோடும் பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இன்னா டீச்சர், மௌன விரதமா?" என்றாள் எல்லம்மாள்.

ஆறு அடித்தது. எல்லம்மாள் இடுப்பில் முதல் போன் அலறியது. அது முடிவதற்குள் அடுத்தது, அதற்கடுத்தது. "ஸ்பீக்கர்ல போடுங்கடி" என்றாள் கங்கம்மாள். ஆறு போன்கள், சற்று முன்னும் பின்னுமாக, ஒரே குரலில் வணக்கம்மா என்றன. நான் வளர்மதி பேசறேன் என்றன. எதிரில் வளர்மதி உதட்டைச் சேர்த்து மூடிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லம்மாள் போனைப் பார்த்தாள். டீச்சர் வாயைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். கிட்டே வந்து, தொண்டைக்குழியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். அங்கே எதுவும் அசையவில்லை.

"அடச்சீ" என்றாள். "அப்ப இத்தினி நாளா யாருக்குடி ஒண்ணு அமுக்கினு கெடந்தோம்?"

வளர்மதி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நாஷ்டா தூக்கு வரப்புக்கு வரட்டும். மூடியைத் திற. அப்புறம் மாத்திரை. நான் இன்னா சொன்னேன், நீ சொல்லு."

எல்லம்மாள் சொன்னாள். ஐந்து பேரும் சொன்னார்கள். மாத்திரை இல்லாத எட்டுப் பேரும் கூடச் சேர்ந்து சொன்னார்கள். குட்டியானை ஓட்டி வந்தவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். வண்டியில் ஏறும்போது எல்லம்மாள், "போடலைன்னா ரெண்டுதான? நாளைலேர்ந்து எல்லாரும் ரெண்ட அமுக்குங்கடி. அவனுங்க பேஜாரா பூடட்டும்" என்றாள்.

செவ்வாய் ஐயங்கார்குளம். புதன் தாமல். ஊருக்கு ஒரு ரேஷன் கடையோ ஒரு டீக்கடையோ இருந்தது. எல்லா இடத்திலும் மூடிய வாயோடு நின்றாள், கூடவே கங்கம்மாள். போன ஊரிலெல்லாம் ரெண்டை அமுக்கினார்கள். ரெண்டை அமுக்கினால் கம்பெனியிலிருந்து ஆள் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். விசாரிக்கக் கூப்பிட்டவர்களிடம் எல்லம்மாள், "நீ மனுசனா மிஷினா, மொதல்ல அத்தச் சொல்லு" என்று கேட்டாளாம்.

பத்தாம் நாள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆறு மணி அழைப்பு நின்றது. மற்ற பத்து மாவட்டங்களில் நிற்கவில்லை. பதினோராம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது, நாலு பக்கம். அவதூறு, ஒப்பந்த மீறல், உடனே நிறுத்த வேண்டும். கூடவே தினகரனின் போன்.

"மேடம், உங்க மாவட்டத்துலதான் நிறுத்திட்டோமே. இதோட விட்டுடுங்க. ப்ளீஸ்."

"கங்கம்மா என் மாவட்டத்துல மட்டுமா இருக்கா?" என்று வைத்துவிட்டாள்.

பதில் எழுத ஒரே தாள் போதுமானதாக இருந்தது. வழக்கம்போல் எண் போட்டு எழுதினாள். ஒன்று, தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. இரண்டு, நிறுத்துவதாக இல்லை. மூன்று, நான் பேசுவது அவதூறு என்கிறீர்கள்; நான் நிற்கும் இடங்களில் பேசுவது உங்கள் போன்தான், நான் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன். நான்கு, நேரில் வந்து பார்க்க வசதியாக நான் போகும் ஊர்களும் தேதிகளும் கீழே தரப்பட்டுள்ளன. நேரம் எல்லா இடத்திலும் காலை ஆறு மணி.

கீழே பத்து மாவட்டங்களுக்குமாக முப்பத்தேழு ஊர் எழுதியிருந்தாள். கங்கம்மாளைக் கூப்பிட்டு முழுக்க வாசித்துக் காட்டினாள்.

"நான் இன்னா எழுதிகீறேன், சொல்லு."

"வர முடிஞ்சா வந்து பாருங்கடான்னு எழுதிகீற" என்றாள் கங்கம்மாள்.

சரியாக இருந்தது. உறையில் போட்டு ஒட்டி, உத்திரமேரூர் தபாலாபீசுக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ரசீதைக் கிழித்துக் கொடுத்தவர், "பெரிய எடத்து விலாசமா இருக்குதே, கேஸா டீச்சர்?" என்று விசாரித்தார்.

"என்னோட டூர் ப்ரோக்ராம்" என்றாள் வளர்மதி. வெளியில் கங்கம்மாள் மாற்றுப்புடவைப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். முதல் ஊர் திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் காலை ஆறுக்கு நிற்க முடியும்.