கடல் ஏறி இறங்கும் பிக்கப்

சோமசேகரத்தின் பிக்கப்புக்குள் ஒரு நாளைக்கு இரண்டு தரம் கடல் ஏறி இறங்கும். பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை. திருகோணமலைக் கடல் அடக்கமான கடல் என்பதால் சாதாரண நாட்களில் தண்ணீர் கணுக்காலில் தொடங்கி முழங்காலோடு நின்றுவிடும். பறுவத்தன்று, முழுநிலவு நாளில் மட்டும் ஆசனத்துக்கு மேல் நாலு விரற்கடை வரும். வாகனம் எழுபத்தொன்பதில் யப்பானில் செய்தது, இலக்கம் 26 ஸ்ரீ என்று தொடங்கும். பழைய சொந்தக்காரர் ஒருவர் அதைத் துறைமுகப் பக்கத்து இறங்குதுறை ஒன்றில் நிறுத்திவிட்டு, கை பிரேக்கை இழுக்க மறந்து, வெற்றிலை வாங்கப் போனார். மடித்து வாயில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது பிக்கப் தண்ணீருக்குள் இருந்தது. பதினொரு நாள் கழித்துத்தான் அதைத் தூக்கினார்கள். தூக்கிய விசயத்தைக் கடலுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. அது தன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. பிக்கப் கைமாறி, லிங்கநகரில் சோமசேகரத்தின் முற்றத்து முருங்கைக்குக் கீழ் நின்ற பிறகும் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

சோமசேகரம் பொய் சொல்லுகிற மனிதர் அல்லர். முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கோயில் சபையில் செயலாளர். ஆனால் அவரும் அந்தப் பிக்கப்பைக் கடல் இறங்கிக் கிடக்கும் வற்று நேரத்தில் பார்த்து வாங்கி ஏமாந்தவர்தான். அதை இன்னொருவர் தலையில் கட்டுவதில் பிழையில்லை என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லியிருந்தார். 'இதற்குள் கடல் வருமா?' என்று யாராவது கேட்டால் ஓம் என்று சொல்ல அவர் ஆயத்தமாகவே இருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. பெருக்கு, வற்று நேரங்களை ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்து, வற்று நேரம் பார்த்தே ஆட்களை வரச் சொல்லுவார். இப்படி மூன்று வருடத்தில் மூன்று தரம் விற்றார், மூன்று தரமும் அது திரும்பி வந்தது. முதலில் வாங்கிய பேக்கரிக்காரர் இருநூறு இறாத்தல் பாண் கஞ்சியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து விட்டார். இரண்டாவது ஆள் சீமெந்து ஏற்றினார். இருபது மூட்டையும் மூட்டை வடிவிலேயே கல்லாகி, இன்றைக்கும் லிங்கநகரில் ஓர் ஒழுங்கையின் வாய்க்காலுக்குப் படியாகக் கிடக்கின்றன. மூன்றாவது ஆள் கலியாண வீடுகளுக்குக் கதிரை வாடகைக்கு விடுபவர். அவர் ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமனை முன் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த மாமன் பட்டு வேட்டியோடு இறங்கிய கோலத்தைப் பற்றி இரு வீட்டாரும் இன்னும் கதைப்பதில்லை.

இந்த நிலையில்தான் இலங்கைத்துறையிலிருந்து நேசமலர் வந்தாள். அவளுடைய புருசன் சின்னராசா முப்பத்தைந்து வருடம் கடலுக்குப் போனவன். போன வருடம் அவனுடைய நெஞ்சில் ஏதோ அடைப்பைக் கண்ட டொக்டர், இனி வள்ளத்தில் ஏறவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் குசினி வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி இருந்தான். சாப்பாடு குறைந்தது, பேச்சு அதைவிடக் குறைந்தது, பிறகு ஆளின் உயரமும் குறையத் தொடங்கியது. வைகாசியில் கதவு நிலையோடு நிற்கவைத்து அளந்தபோது இரண்டு அங்குலம் போயிருந்தது, ஆவணியில் இன்னும் ஒன்று. இப்படியே போனால் வருசப் பிறப்புக்குப் புருசனைச் சுளகில் போட்டுத் தேடவேண்டி வரும் என்று நேசமலர் பயந்தாள். பயந்துகொண்டிருக்கிற பெண் அல்ல அவள். வள்ளத்தையும் எஞ்சினையும் விற்றாள். ஒரு வாகனம் வாங்கி, ஊர் மீனை நகரச் சந்தைக்கு ஏற்றுகிற வேலையை அவன் கையில் கொடுத்தால் ஆள் மிஞ்சுவான் என்பது அவள் நினைப்பு. இதில் தவறினால் விற்பதற்கு வேறு வள்ளம் இல்லை.

கண்ணில் பட்டவை இரண்டு. ஈச்சிலம்பற்றில் ஒருவர் நல்ல ஓட்டோ ஒன்றை வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை அவளுக்கென்று நிறுத்தி வைத்திருந்தார். சின்னராசா அதில் ஏறி இருந்து பார்த்துவிட்டு, "கோழிக்கூடு," என்றான். அன்று முழுக்க அவன் பேசியது அவ்வளவுதான். மற்றது இந்தப் பிக்கப். விலை ஓட்டோவில் பாதி, அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை காலை புருசனை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, வழியில் மூதூரில் முத்தலிப் பாஸையும் சேர்த்துக்கொண்டு வந்தாள். முத்தலிப் அவர்களுடைய வள்ள எஞ்சினைப் பதினைந்து வருடம் பார்த்த மெக்கானிக். எஞ்சினுக்குக் காய்ச்சலா தடிமனா என்று சத்தத்திலேயே சொல்லக்கூடியவர்.

சோமசேகரம் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார், அவர்களும் பத்து மணிக்கே போய் நின்றார்கள். வாகனத்தின் கூரையில் துரு குறைவு. உள்ளேதான் இரண்டு கதவுகளிலும், டாஷ்போட்டின் கீழும், துரு ஒரே மட்டத்தில் கோடு கீறினாற்போல ஓடியது. இறங்குதுறைத் தூண்களில் அப்படிக் கோடு விழுவதை நேசமலர் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். கிளச் மிதியில் ஊரிச் சிப்பி ஒன்று ஒட்டியிருந்தது.

"மழை பட்டது," என்றார் சோமசேகரம்.

"மழை மேலயிருந்தெல்லோ வரும் ஐயா. இது கீழயிருந்து ஏறின துரு."

"வீடு கடலுக்குக் கிட்டத்தானே பிள்ளை." அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பதினொண்டரைக்கு முதல் முடிச்சால் நல்லம். எனக்கொரு செத்தவீட்டுக்குப் போகவேணும்."

"ஆர் ஐயா செத்தது?"

"இன்னும் சாகேல்லை. ஆனா போகத்தான் வேணும்."

அன்றைக்கு வற்று பத்து மணிக்கு என்பது நேசமலருக்குத் தெரியும். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அதைத் தாளில் எழுதி ஒட்டத் தேவையில்லை. இந்த மனிதர் ஏன் சரியாக அந்த நேரத்துக்கு வரச் சொன்னார், ஏன் இப்படி வியர்க்கிறார் என்று யோசித்தாள். யோசித்துவிட்டு, தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டாள். தேத்தண்ணி வந்தது, குடித்தாள், இன்னொன்று கேட்டாள். வாகனப் புத்தகத்தை வாங்கி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். முருங்கைக்காயின் நீளத்தைப் புகழ்ந்தாள். கடைசியில் முத்தலிப்பைப் பக்கத்தில் கூப்பிட்டு ஏதோ சொல்ல, அவர் போய் காபரேட்டரைக் கழற்றி, திருகாணிகளை எல்லாம் ஒரு சிரட்டையில் போட்டுவிட்டு எழும்பிக் கை கழுவினார்.

"ஜும்ஆவுக்கு நேரமாகுது ஐயா. தொழுதுட்டு வந்து மிச்சத்தப் பாக்கிறன்," என்றார்.

தொழப் போகிற மனிதனைப் போகவேண்டாம் என்று கோயில் சபைச் செயலாளர் எப்படிச் சொல்லுவார்? கழற்றியதைப் பூட்டவும் அவருக்குத் தெரியாது. அவர் தம் வாசற்படியில் இருந்து, நாடியில் கையை வைத்துக்கொண்டு, நேரம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னராசா இதில் எதிலும் படாமல், வெயிலுக்கு ஒதுங்கப் பிக்கப்பின் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்தான். ஏற்கனவே சுருங்கிய ஆளாகையால் வெளியே தலை மட்டும்தான் தெரிந்தது.

முத்தலிப் ஒரு மணிக்குத் திரும்பி வந்து காபரேட்டரைப் பூட்டினார். அப்போது தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. கதவு திறந்தே இருந்தும் ஒரு சொட்டு வெளியே வழியவில்லை; பின்பெட்டியிலும் அதே மட்டத்தில் சின்ன அலை அடித்தது. நேசமலர் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். உப்பு. முத்தலிப் தோளில் கிடந்த துவாயை நிலத்தில் விரித்து, வாகனத்துக்குக் கீழே மல்லாந்து படுத்து, ஒரு துரு ஓட்டைக்குள்ளால் சுண்டுவிரலை மேலே விட்டார். விரல் நுனி நனைந்தது, மிச்ச விரல் காய்ந்தபடியே இருந்தது. எழும்பித் தூசைத் தட்டினார்.

"எஞ்சின் பழுதில்ல தங்கச்சி. கிளச் ஒரு வருசம் ஓடும். பின் டயர் ரெண்டும் மாத்தணும். உள்ளுக்க கடல் இரிக்கி. வேற குறை ஒண்டுமில்ல."

நேசமலருக்கு வந்த கோபத்தில் காது சிவந்தது. பிடித்துவிட்டேன் என்ற சந்தோசம் கொஞ்சம், வாங்கியிருந்தால் அழிந்திருப்பேனே என்ற நடுக்கம் மிச்சம். "கோயில்ல மணியடிக்கிற கையால இதை எனக்கு விக்கப் பாத்தீங்களோ ஐயா?" என்று கேட்டாள். சோமசேகரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நீங்கள் கேக்கேல்லையே பிள்ளை," என்றார். அதற்கு மேல் கதைக்க அவளுக்கு விருப்பமில்லை. இப்போதே பஸ் பிடித்தால் ஓட்டோ கிடைக்கும். "இஞ்சேருங்கோ, இறங்குங்கோ. அந்த மனுசன் பின்னேரம் வரைக்கும்தான் பாத்துக்கொண்டிருக்கும்," என்று புருசனைக் கூப்பிட்டாள்.

சின்னராசா இறங்கவில்லை. சாரத்தைத் தொடைவரை சுருட்டிவிட்டு, குனிந்து, தண்ணீருக்குள் கையை விரித்து வைத்திருந்தான். கியர்த் தடியைச் சுற்றி மணலை மீன் குஞ்சுகள் ஓடித் திரிந்தன.

"நீரோட்டம் கொட்டியாரப் பக்கத்தால வருது," என்றான். "நல்ல குளிர். நாளைக்கு எங்கட பக்கம் சூடை மீன் படும். தம்பியாக்களுக்குச் சொல்லவேணும், வெளிய போகாமல் கரையோட வலையைப் போடச் சொல்லி. போன மாசம் முழுக்க வீணாத்தான் ஓடித் திரிஞ்சிருப்பாங்கள், ஒருத்தனும் தண்ணியத் தொட்டுப் பாக்கிறேல்ல."

எட்டு மாதத்தில் அவன் இவ்வளவு கதைத்ததில்லை. நேசமலர் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவன் அவளைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டான்.

"வள்ளத்தில ஏறக்கூடாதெண்டுதானே டொக்டர் சொன்னவர். பிக்கப்பைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே."

அவள் முருங்கையின் பக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். என்ன பிழைப்பு இது, இந்த மனிதன் உயிரோடிருக்க ஒரு முழங்கால் தண்ணீர் போதுமாக இருந்திருக்கிறது, அது தெரியாமல் அடுப்படியில் வைத்து ஆக்கிப் போட்டோமே என்று நினைத்தாள். நினைத்து முடிந்ததும் சோமசேகரத்தின் பக்கம் திரும்பினாள், அப்போது குரல் வேறாக இருந்தது. "கடல் நிக்கிற வாகனத்துக்கு ஆர் ஐயா இந்த விலை சொல்லுறது?" என்று தொடங்கினாள். முத்தலிப் பின் டயர்களைக் காலால் தட்டித் தட்டித் தலையாட்டினார். வெட்கப்பட்டவர் பேரம் பேசமாட்டார். அவள் சொன்னதுக்கே முடிந்தது. சோமசேகரம் நாலு தேசிக்காயைத் தாமே பிடுங்கி வந்து டயர்களுக்குக் கீழ் வைத்தார். அலுமாரித் தாளையும் உரித்துக் கொண்டுவந்து நீட்டினார். அது தங்களுக்குத் தேவைப்படாது என்று நேசமலர் சொன்னாள்.

அடுத்த நாள் இலங்கைத்துறையில் சூடை பட்டது. அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் வழக்கமான காரியங்கள். வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறார்கள். புகை சரியாக இருக்கிறது, தண்ணீரைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை. பின்பெட்டியில் ஏறும் மீன் சந்தை வரைக்கும் துள்ளிக்கொண்டே போவதால் மற்றவர்களின் மீனுக்கு முன்னால் விலைப்படுகிறது. ஊரவர்கள் நகரத்துக்குப் போக இடம் கேட்டால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏறுவார்கள். சின்னராசாவின் போன உயரம் திரும்பவில்லை, குறைவது நின்றுவிட்டது. ஓட்டமில்லாத நாட்களில் அவன் பெருக்குக்குச் சற்று முன்னர் பிக்கப்பை வீட்டுப் படலைக்கு உள்ளே பூவரசுக்குக் கீழ் நிறுத்தி, சாரத்தைச் சுருட்டிவிட்டு ஏறி இருந்து, கதவைச் சாத்திக்கொள்ளுவான். அந்த நேரம் யாராவது தேடி வந்தால், பத்தடி தள்ளி அவனுடைய தலை கண்ணாடிக்குள் தெரியத்தான் செய்யும். நேசமலர் கையிலிருக்கிற வேலையை விடாமலே சொல்லுவாள்:

"அவர் கடலுக்குப் போயிட்டார். வத்தினாப் பிறகு வாங்கோ."

வந்தவர் சரி என்று சொல்லிப் போய்விட்டு, வற்றிய பிறகு வருவார்.