குழலில் ஓர் இறுக்கம்

குழல்தான், வேறு என்ன, இத்தனை வருஷம் சுட்டால் எந்தத் துப்பாக்கிக் குழல்தான் தேயாது, இரும்புதானே, அதற்கும் ஒரு ஆயுசு உண்டுதானே... மெல்க்கின் பட்டறைக் கதவைத் தள்ளும்போதும் கஸ்பர் இதையேதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். தோளில் தொங்கிய துப்பாக்கிப் பெட்டி இன்றைக்கு ஏன் இப்படிக் கனக்கிறது, அதே பெட்டி, அதே துப்பாக்கி, முந்நூறு மீட்டரில் வைத்த இலக்குப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்குள் துளைகளை அடுக்கிக் காட்டிய அதே துப்பாக்கி. போன இலையுதிர்காலத்தில்தான் சனியன் பிடித்தது. துளைகள் வலப்பக்கமாகச் சிதற ஆரம்பித்தன, முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு, கடைசிப் போட்டியில் பார்க்கவே வெட்கமாக இருந்தது. துப்பாக்கிச் சங்கத்துக் கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் விடுவார்களா, முதல்ல குழல் மேல பழிய போடு கஸ்பர், அப்புறம் தோட்டா மேல, அப்புறம் காத்து மேல, எதுவும் எடுபடலன்னா பொண்டாட்டி மேல போடு என்று சிரித்தார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். வீட்டில் மனைவி வ்ரேனி மட்டும் சிரிக்கவில்லை. சமையலறையில் ரொட்டியில் பச்சைச் சீஸைத் தடவியபடி, நீ டாக்டர்கிட்ட ஒரு தடவ கைய காட்டிட்டு வாயேன் என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். கைக்கு என்ன, கை நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் கையால்தானே தினமும் மஞ்சள் பஸ்ஸை மலைப்பாதையில் வளைத்து ஏற்றுகிறான், ஒரு கிழவியாவது குறை சொன்னதுண்டா? மனைவிகளுக்கு எதற்கெடுத்தாலும் டாக்டர்.

மெல்க் என்றைக்கும் வா என்று சொன்னதில்லை. என்னடா, இன்னும் உயிரோட இருக்கியா என்றுதான் கேட்டான். பழைய குழலுக்குள் சின்னக் கேமராவை விட்டுத் திரையில் பார்த்துவிட்டு, தோட்டா நுழையற தொண்டப்பக்கம் கொஞ்சம் தேஞ்சிருக்கு, ஆனா இது இன்னும் ஒரு சீசன் தாங்கும்டா, எதுக்கு இப்பவே மாத்தற என்றான். இவன் இப்படித்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே கஸ்பர் வெள்ளை என்றால் மெல்க் கறுப்பு என்பான். இரும்பு விஷயத்தில் சொந்தத் தம்பிக்காகக்கூட ஒரு வார்த்தை இறங்கி வரமாட்டான், அதற்காகவே பள்ளத்தாக்கு முழுக்க அவனைத் திட்டும், திட்டிவிட்டு அவனிடமே வரும். தாங்காது, மாத்தியே ஆகணும் என்று கஸ்பர் சொன்னபோது குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. மெல்க் ஒரு நொடி பார்த்தான். சரிடா, கத்தாத, காப்பி குடி. பிளம் சாராயம் ஊற்றிய காப்பி, கண்ணாடிக் கோப்பை, சின்னக் கைப்பிடி... அப்பாவுக்கும் இப்படித்தான் கைப்பிடி சின்னதாக இருந்தது. இந்தக் கைப்பிடி சரியில்ல, விரல் நுழையமாட்டேங்குது என்று அப்பா சொல்லச் சொல்ல அம்மா கோப்பை கோப்பையாக வாங்கி வந்தாள், பெரிய கைப்பிடி, தடித்த கைப்பிடி, இரண்டு பக்கமும் கைப்பிடி. எதை எடுத்தாலும் காப்பி மேஜைவிரிப்பில் சிந்தியது. அலமாரி நிறையக் கோப்பைகள் சேர்ந்த பிறகு ஒருநாள் அப்பா பிடித்திருந்த கரண்டி தட்டில் தானாக டக் டக்கென்று அடித்துக்கொண்டது... சே, இப்போது எதற்கு இது. அப்பாவுக்கு வந்தால் எனக்கும் வரவேண்டும் என்று எழுதியா வைத்திருக்கிறது? அப்பா துப்பாக்கியையே தொட்டதில்லை. இது குழல்தான். காப்பியை ஆறட்டும் என்று தள்ளி வைத்தான்.

மேஜைமேல் மூன்று புதுக் குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் பிடிகளில் இறுகிக் கிடந்தன. மூன்றும் மூன்று பேர் செய்தவை, செய்தவன் பெயர் இருந்த இடத்தில் மெல்க் நாடா ஒட்டியிருந்தான், எப்போதும் ஒட்டுவான். பேர் தெரிஞ்சா கை பொய் சொல்லும்டா என்பான். குழலைச் சோதிக்க ஈயக்குண்டைப் பின்வாயில் வைத்து, கம்பியால் மெல்லத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். நல்ல குழலில் குண்டு வெண்ணெயில் போவது மாதிரி ஒரே சீராகப் போகும், குண்டு வெளியேறும் வாய்ப்பக்கம் மட்டும் ஒரு துளி இறுகும். நடுவில் எங்காவது இறுகினாலோ தளர்ந்தாலோ அந்தக் குழலை ஒதுக்கிவிட வேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டு செய்யவேண்டும், அதில் கஸ்பர் கெட்டிக்காரன், அது ஊருக்கே தெரியும், சங்கத்தில் பாதிப் பேருக்குக் குழல் தேர்ந்து கொடுத்தது இந்தக் கைதான். முதல் குழல். போகிறது, போகிறது, அழகாகப் போகிறது... நில். ஒரு சின்னத் திக்கல், மயிரிழைதான், ஆனால் இருக்கிறது. கஸ்பருக்கு நெஞ்சுக்குள் ஏதோ குதித்தது. கண்டுபிடித்துவிட்டேன் பார், இதைக்கூடக் கண்டுபிடிக்கிற கைக்கா கேடு வந்திருக்கிறது, வ்ரேனி இங்கே இருந்திருக்கவேண்டும்! இங்க இறுக்குது என்றான். மெல்க் கம்பி நின்ற அளவைப் பார்த்துக் குழலின்மேல் சாக்கட்டியால் கோடு போட்டான். இரண்டாவது. போகிறது, போகிறது... ஹா, இதிலும். இங்கயும் இறுக்குதுடா, எங்கேருந்துடா வாங்கிட்டு வந்த இந்தக் குப்பைய என்று சிரித்தான். மெல்க் பதிலுக்குத் திட்டவில்லை, கோடு போட்டான். மூன்றாவதைத் தள்ளும்போது கஸ்பர் கிட்டத்தட்டச் சந்தோஷமாக இருந்தான், கிட்டத்தட்டச் சீட்டியடிக்கப் போனான், அங்கேயும் அதே திக்கல் வந்தபோதுகூட முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம் கண்ணைத் திறந்தான்.

மூன்று குழல்கள், மூன்று கோடுகள், மூன்றும் ஒரே நேர்வரிசையில். சாக்கட்டியை மேஜையின் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்தது போல. அது எப்படி, மூன்று பேர் செய்த மூன்று குழல்களில் அதே இடத்தில்... அது முழங்கை நிமிர்கிற இடம். கம்பியைத் தள்ளத் தள்ள, கை நீண்டு, தோளின் பலம் விட்டுப்போய், கை தனியாக நிற்கிற இடம். அப்படியானால்... இல்லை, இரு, மெல்க் சொல்லட்டும். இவன்தான் ஒன்றையும் ஒத்துக்கொள்ளாதவனாயிற்றே, போடா கழுதை, குழல்ல ஒண்ணுமில்ல என்று கத்தட்டும். அதைக் கேட்டால் செத்துவிடுவேன், இருந்தாலும் கத்தட்டும். மெல்க் கம்பியை வாங்கினான். முதல் குழலில் தள்ளினான், இரண்டாவதில், மூன்றாவதில், எதிலும் கம்பி திக்கி நிற்காமல், அவசரமில்லாமல். வெளியே மலையிலிருந்து இறங்கிய வெப்பக்காற்றில் தகரக்கூரை முனகிக்கொண்டிருந்தது. மெல்க் கம்பியைத் துணியால் துடைத்தான், துடைத்ததையே மறுபடி துடைத்தான். ஆமாடா என்றான், இருக்கு. மூணுலயும் இருக்கு. நீ சொன்னது சரிதான்.

மெல்க் சட்டைக்கையால் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தான். கஸ்பர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த நாற்பது வருஷத்தில் இவன் ஒருநாளாவது சரிதான் என்று சொன்னதுண்டா, அதுவும் இரும்பைப் பற்றி? இந்தக் குரல்... இத்தனை மெதுவான குரல் மெல்க்குக்கு எங்கேயிருந்து வந்தது, இது அவன் குரலே இல்லை, இதை வேறு எங்கோ கேட்டிருக்கிறேன். ஆமா, அந்தக் கைப்பிடி சரியில்லதான், நாளைக்கு வேற வாங்கிட்டு வரேன்... மேஜைவிரிப்பைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்ன குரல். அப்போது அப்பாவும் இப்படித்தான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? அவருக்கும் தெரிந்துதான் இருந்ததா? தெரிந்துகொண்டேதானா அத்தனை கோப்பை கேட்டார்?

காப்பி ஆறிப்போயிருந்தது. கஸ்பர் அதைத் தொடவில்லை.

“வேற குழல் எப்படா வரும்?” என்று கேட்டான்.

“அடுத்த மாசம் வரும்டா” என்றான் மெல்க், திரும்பிப் பார்க்காமல். “நல்லதா வரும்.”