ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீடு

பலராமன் பாண்டியில் வாடகைக்கு வீடு பார்க்கிறான் என்றதும் மரக்காணம் உப்பளத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

"ஊர்ல இருக்கறவன்லாம் வேலைக்குப் பாண்டி போறான். நீ பாண்டியில குடியிருந்துக்கிட்டு உப்பு வார மரக்காணம் வருவியா? தொரைதான்டா நீ!" என்றான் கலியபெருமாள்.

பலராமனும் சேர்ந்து சிரித்தான். பிறகு பெண்டாட்டியைப் பற்றிச் சொன்னான். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அம்சவல்லிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை பாண்டி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். முடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது அவளால் உட்காரக்கூட முடியாது. போன மாதம் வழியில் கூனிமேடு ஸ்டாப்பிங்கில் மயங்கி விழுந்தாள். அன்றைக்குத்தான் அவன் முடிவு செய்தான். அவள் டவுனிலேயே இருக்கட்டும், அலைகிறதைத் தான் அலைந்துகொள்ளலாம் என்று. உப்பு வாருவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது. அந்த வேலை பாண்டியில் இல்லை.

வீட்டு புரோக்கர் சரத்குமார் முதலில் பெரிய முதலியார்சாவடியில் ஒன்றைக் காட்டினான். வாசலில் இறங்கினால் மரக்காணம் பஸ். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், எதையும் கேட்கமாட்டார். ஆனால் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வண்டி மாற வேண்டும்.

"எனக்கு என்னாத்துக்குப்பா பஸ்ஸு? ஆஸ்பத்திரி கிட்ட காட்டு" என்றான் பலராமன்.

"காட்டறேண்ணே. ஆனா அண்ணிக்குச் சீக்குன்னு மட்டும் வாயத் தொறந்துடாத. வீட்டுக்காரங்களுக்கு அடைப்புன்னா பயம்."

கெட்ட நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும். அதற்கு அடைப்பு என்று பெயர். அப்புறம் அங்கே குடிவர ஆள் கிடைக்காது. இது பலராமனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான், அடுத்து முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன அன்றைக்கு அம்சவல்லியை முழுக்கை ரவிக்கை போட்டுக்கொள்ளச் சொன்னான். டயாலிசிஸ் ஊசிக்காக இடது முன்கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் கயிறுபோலப் புடைத்துக்கொண்டிருந்தது.

ஒற்றை அறை, சின்ன சமையலறை, பின்னால் ஒரு முருங்கை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிவிடலாம். அம்சவல்லி பூ வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, சிரித்தபடி நின்றாள். வீட்டுக்காரம்மா வைஜெயந்திக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"மாடியில துணி காயப்போடலாம், வா காட்டறேன்" என்று உரிமையோடு அவள் இடது கையைப் பிடித்து இழுத்தாள்.

இழுத்தவள் அப்படியே நின்றாள். ரவிக்கைத் துணிக்கு அடியில், தைத்த இடத்தில் ரத்தம் ஓடுவது வண்டு இரைவதுபோல அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"எங்க மாமியாருக்கும் இப்படித்தான் கையில கொர்ருங்கும்" என்றாள் மெதுவாக. கையை விடவில்லை. "எவ்ளோ நாளாம்மா?"

"ஒரு வருசங்க்கா."

சரத்குமார் செருப்பைத் தேடினான். வைஜெயந்தி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"வீடு தர்றேன். ஆனா எனக்கு இந்த வாடகைதான் சோறு. ரொம்ப முடியலன்னு ஆயிட்டா, உயிர் இருக்கும்போதே ஊருக்கு இட்டுக்கினு போயிடணும். அத உங்க வீட்டுக்காரர் சூடத்துமேல சொல்லட்டும்."

பலராமன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "வா புள்ள, போலாம். அந்த முதலியார்சாவடி வீடே போதும்" என்றான்.

அம்சவல்லி நகரவில்லை. "ரெண்டு வண்டி மாறி என்னால முடியாதுய்யா" என்றாள்.

"அதுக்காக? என்னா கேக்கறாங்கன்னு தெரிதா ஒனக்கு?"

"தெரியாமியா? நீயும் நானும் மனசுல வச்சிக்கினு இருக்கறதத்தான் கேக்கறாங்க. சொல்லிடுய்யா. காலு வலிக்குது எனக்கு."

ஒரு வருஷமாக அவர்கள் இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. சரியாகிவிடும் என்று அவன் சொல்வான், ஆமாம் என்று அவள் சொல்வாள்.

வைஜெயந்தி தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு வந்தாள். பலராமன் கையை நீட்டினான். "ரொம்ப முடியலன்னா..." என்று ஆரம்பித்தான். மீதியை அம்சவல்லி ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொடுக்க, பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி அவள் பின்னாலேயே சொல்லி முடித்தான். சூடம் அணைந்த தட்டை வைஜெயந்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எடுத்துப் போனாள்.

குடிவந்த மறுநாள், விடிகிறதுக்கு முன்னால் அவன் சிவாஜி சிலை ஸ்டாப்பிங் வரைக்கும் நடந்துபோய் முதல் பஸ்ஸைப் பிடித்தான். உப்பு வெயிலுக்கு முந்தி வார வேண்டும். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நல்ல தூக்கம். பல நாளைக்கப்புறம் நல்ல தூக்கம்.

எல்லோரும் தூங்கி வழிகிற பஸ்ஸில் அவன் மட்டும் முன்கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"என்னாண்ணே, ரோடு போட்ட காண்ட்ராக்டர் மாதிரி பாக்கற?" என்றான் கண்டக்டர்.

"சும்மாதான்பா."

எந்த இடத்தில் குழி, எங்கே ஸ்பீடு பிரேக்கர், எங்கே டிரைவரை மெதுவாகப் போகச் சொல்ல வேண்டும் என்று அவன் மனதில் வாங்கிக்கொண்டிருந்தான். ஒரு பாலத்தருகே பஸ் தூக்கிப்போட்டது. அவனுடைய இரண்டு கையும் தானாக மடிக்கு வந்து, அங்கே இல்லாத அவள் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டன.